புழுதி விதைப்பு

நம் வீட்டுப் பேச்சுக்கு எழுத்து எனக்குத் தெரியாது. உன் அப்பாவின் பெரியப்பா ஒருவருக்குத் தெரியும் என்பார்கள், நான் பார்த்ததில்லை. அதனால் தமிழில் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் போனில் பேசிக்கொண்டிருந்தபோது நீயும் தமிழுக்கு மாறிவிட்டாய். சின்ன வயசிலிருந்தே உனக்கு இந்தப் பழக்கம். சந்தோஷம், பசி, காய்ச்சல் எல்லாம் வீட்டுப் பேச்சில். கோபம் வந்தால் மட்டும் தமிழ். நம் தெருவில் பாதிப்பேர் அப்படித்தான், பேரம் முறிகிற நேரத்தில் தமிழுக்குத் தாவுவார்கள். அதனால் அந்த முதல் சொல் வந்ததுமே எனக்குத் தெரிந்துபோயிற்று, நீ இப்போது அம்மாவிடம் பேசவில்லை, எதிராளியிடம் பேசுகிறாய் என்று. "விடுங்கம்மா. இனிமே யாரு அங்க போயிப் பாக்கப் போறா?" என்றாய். சரி, எதிராளியாகவே எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை போனைத் தொடாதே. இந்த உறையை நான் ஒட்டப்போவதும் இல்லை. வேறு யார் பிரித்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது. அதனால் உனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

அடுத்த வாரம் புதன்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். மேல்நாட்டுப் பல்கலைக்கழகம், நல்ல வேலை, வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து பூமி எப்படி மாறுகிறது என்று சொல்கிற வேலை. தெருவே பேசுகிறது. அந்த வேலையை உனக்கு வாங்கிக் கொடுத்தது உன் ஆராய்ச்சி நூல். அதை பைண்டு பண்ணி, தங்க எழுத்துப் போட்டு, போன மாதம் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். நன்றிப் பக்கத்தை நீயே திருப்பிக் காட்டினாய். 'இந்த ஆய்வுக்கு அடித்தளமான களக்குறிப்புகளை எழுதிய என் அம்மாவுக்கு' என்று போட்டு, என் முழுப்பெயர். இருபத்தாறு வருடம் ஒரு ஆராய்ச்சித் துறையில் வேலை பார்த்தவள் நான். அந்த இருபத்தாறு வருடத்தில் என் பெயர் எந்தத் தாளிலும் அச்சாகவில்லை, வருகைப் பதிவேட்டைத் தவிர. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நீ போனபிறகு அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தேன். எழுத்து மேலே எழும்பி இருக்கிறதா என்று பார்த்தேன். நூலை சாமி அலமாரியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து, பார்ப்போமே என்று எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். அங்கே ஒரு அட்டவணை இருந்தது. அதற்கப்புறம் அது சாமி அலமாரிக்குத் திரும்பவில்லை.

அட்டவணையில் ஐம்பது புள்ளிகள். மதுரையைச் சுற்றி ஐம்பது இடம். திருவாதவூர்ப் பக்கம் கொஞ்சம், பரவைப் பக்கம் கொஞ்சம், கடைசிப் பதினெட்டும் எழுமலைப் பக்கத்து மானாவாரிக் காடுகள். ஒவ்வொரு புள்ளிக்கும் அன்று என்ன, இன்று என்ன என்று இரண்டு கட்டம். அன்று என்ன என்பதற்கு ஆதாரம் என் நோட்டு. இன்று என்ன என்பதற்கு ஆதாரம் உன் செயற்கைக்கோள் படம். முதல் முப்பத்திரண்டு இடத்திலும் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. எழுமலைப் பதினெட்டு மட்டும் அன்று கைவிட்ட தரிசு, இன்று பயிர். அங்கே நடந்த தடுப்பணைத் திட்டம்தான் அந்த மண்ணுக்கு உயிர் கொடுத்தது என்று நீ முடிவு எழுதியிருந்தாய். அதுதான் உன் கண்டுபிடிப்பு. அதற்குத்தான் அந்த வேலை. சமையல்கட்டில் பால் பொங்கி வழிந்தது, போய் அணைத்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். பதினெட்டும் அப்படியே இருந்தன.

நீ கண்டுபிடித்த மாற்றம் மண்ணில் நடக்கவில்லை. நான் எழுதிய பொய்க்கும் நீ பார்த்த உண்மைக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் அது. இதைத்தான் அன்று போனில் சொன்னேன். இங்கே விவரமாகச் சொல்கிறேன்.

என் வேலை என்ன என்று உனக்கு எப்போதாவது சரியாகத் தெரிந்திருக்குமா? 'அம்மா யூனிவர்சிட்டியில இருக்காங்க' என்று உன் சிநேகிதர்களிடம் சொல்வாய், அவர்கள் பேராசிரியை என்று நினைத்துக்கொள்வார்கள், நீ திருத்தமாட்டாய். நான் திட்ட உதவியாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற தற்காலிக வேலை. துறையில் செயற்கைக்கோள் படம் வரும். அதில் பயிர் பச்சையாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். உனக்கு ஆறு வயதில் ஒரு படத்தைக் காட்டினேன். "ஏன் வயலெல்லாம் ரத்தமா இருக்கு?" என்று கேட்டாய். படத்தில் சிவப்பு இருந்தால் பயிர், சரி. சிவப்பு இல்லாமல் வெறும் மண்ணாகத் தெரிந்தால்? அறுவடை முடிந்த மண்ணா, இந்த வருடம் மட்டும் சும்மா விட்டதா, பல வருடமாகக் கைவிட்டதா? அதை எந்தப் படமும் சொல்லாது. யாராவது அங்கே போய், நிலத்துக்காரரைத் தேடிப் பிடித்து, 'கடைசியாக எப்போது விதைத்தீர்கள்' என்று கேட்கவேண்டும். அந்த யாராவது நான்தான். படிவத்தில் மூன்று சொல் உண்டு: பயிர், நடப்புத் தரிசு, இதர தரிசு. இந்த வருடம் மட்டும் விதைக்காதது நடப்புத் தரிசு. ஒரு வருடத்துக்கு மேல் கிடப்பது இதர தரிசு. வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டால்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். எனக்குச் சம்பளம் அந்த ஒரு கேள்விக்கு.

தறிச் சத்தத்தில் வளர்ந்த டவுன்காரி நான். கல்யாணம் ஆகும்வரை வைகைக்கு அந்தப்பக்கம் தனியாகப் போனதில்லை. சோளத்துக்கும் கம்புக்கும் வித்தியாசம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். திருவாதவூரில் ஒரு அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தே வயிறு வலித்துப் போனாள், "இது உளுந்து, இது பாசி, ரெண்டும் ஒண்ணுன்னு எழுதிட்டுப் போயிராதீக" என்று. முப்பத்திரண்டு இடத்துக்கும் நடந்துதான் போனேன். துறையில் ஜீப் இருந்தது, அது பேராசிரியருக்கு. இடம் காட்டும் கருவி ஒன்று இருந்தது, அது பீரோவுக்கு. எனக்குக் கிடைத்தது டவுன்பஸ்ஸும் வரைபடமும் ஒரு குடையும்தான். அந்த முப்பத்திரண்டும் உண்மை. இன்று யார் போய்க் கேட்டாலும் நிற்கும். இதை நான் பெருமைக்குச் சொல்கிறேன், வேறு பெருமை என்னிடம் இல்லை.

இனி எழுமலை. நீ அப்போது நாலாம் வகுப்பு. புரட்டாசி மாதம். உனக்கு அம்மை போட்டிருந்தது. இத்தனை வருடமும் நான் எனக்கே சொல்லிக்கொண்ட கதை இப்படித்தான் தொடங்கும்: பிள்ளைக்கு அம்மை, விடுப்பு கேட்டால் வேலை போய்விடும், பெற்ற மனம் துடிக்க எழுமலைக்கு பஸ் ஏறினேன், பாதியில் திரும்பி ஓடிவந்தேன். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, இல்லையா? போனில் உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன். நீயும் அதைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகத்தானே செஞ்சீங்க" என்றாய். அது பொய். உனக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் ஆகியிருந்தது. உன் அப்பா ஜவுளிக்கடையில் லீவு போட்டுவிட்டு உன் பக்கத்திலேயே இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் போகிறேன் என்று சொன்னதற்கு நீ தலையைக்கூடத் தூக்கவில்லை.

உண்மை என்னவென்றால், எனக்கு ஆங்காரம். அதற்கு முந்தின நாள்தான் முதல் கட்ட அறிக்கை அச்சாகி வந்திருந்தது. முன்பக்கத்தில் உழைத்தவர்கள் பட்டியல். பேராசிரியர், அவருடைய மாணவர்கள், படம் வரைந்தவர், தட்டச்சு செய்தவர், ஜீப் ஓட்டினவர். ஜீப் ஓட்டினவர் பெயர் இருந்தது. முப்பத்திரண்டு இடத்துக்கும் நடந்தவள் பெயர் இல்லை. கேட்டேன். "அடடா, விட்டுப்போச்சும்மா, அடுத்ததுல போட்டுருவோம்" என்றார் பேராசிரியர், முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. மறுநாள் காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. உசிலம்பட்டி தாண்டியதும் சன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெறும் புழுதி, ஒரு புல்கூட இல்லை. என் கையில் இருந்த படத்திலும் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. எழுமலையில் இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இந்தப் பொட்டல்காட்டில் போய் யாரைத் தேடுவது, எதற்குத் தேடுவது, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆமாம், நீ போனில் சொன்ன அதே சொல். அதை நீ என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை என்று எப்படிச் சொல்வது? நோட்டை விரித்து முப்பத்துமூன்றாம் புள்ளிக்கு நேரே 'இதர தரிசு' என்று எழுதினேன். அதற்குக் கீழே பதினேழு வரியிலும் 'மேற்படி', 'மேற்படி', 'மேற்படி'.

டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "என்னத்த எழுதுறீக, தாயி?" என்று கேட்டார். நிலக்கணக்கு என்றேன். "நல்லா எழுதுங்க. அம்புட்டுப் பேரும் புழுதியில வெதச்சுப் போட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்றார். நான் தலையாட்டினேன். டவுன்காரி காதில் அது புலம்பலாக விழுந்தது, தெரியுமா? சனங்கள் சொல்கிற பேச்சு, 'எல்லாம் மண்ணாப் போச்சு' என்பதுபோல. மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு மூடிவிட்டுக் காத்திருப்பது ஒரு விவசாய முறை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்த மண்ணுக்குள் விதை கிடந்தது. வானத்திலிருந்து பார்த்தால் தெரியாது, ரோட்டிலிருந்து பார்த்தாலும் தெரியாது. கேட்டால் தெரியும். கேட்காமலே ஒரு மனிதர் வந்து சொன்னார். டீயைக் குடித்துவிட்டு மதிய பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். நீயும் அப்பாவும் அப்போதும் தாயக்கட்டைதான் உருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த அறிக்கையிலும் என் பெயர் வரவில்லை. பேராசிரியர் ஓய்வுபெற்றுப் போனார், இப்போது உயிரோடும் இல்லை. நோட்டு என் டிரங்குப் பெட்டிக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நீ கேட்டபோது தூசி தட்டிக் கொடுத்தேன். கொடுக்கும்போது அந்தப் பதினெட்டு வரி நினைவுக்கு வந்ததா என்று கேட்கிறாயா? வந்தது. நல்ல பிள்ளை, சரிபார்க்காமலா போவான் என்று நினைத்தேன். பதினெட்டு இடம், ஒரே சொல், வரிசையாக 'மேற்படி'. இதைப் பார்த்து உனக்குச் சந்தேகம் வராது என்றால் நீ என்ன ஆராய்ச்சி படித்தாய்? போனில் இதைத்தான் கேட்டேன். நீ தமிழில் சொன்னாய்: "தெரியும்மா. பாத்தப்பவே தோணுச்சு. அந்தப் பதினெட்டையும் எடுத்துட்டா மாற்றம்னு சொல்ல ஒண்ணுமே நிக்காது."

அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நான் சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன், முட்டாள். உனக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் நன்றிப் பக்கத்தில் என் பெயரைப் போட்டாயா? இதை மட்டும் எனக்கு நீ சொல்லவேண்டாம். சொன்னால் தாங்கமாட்டேன்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். ஏட்டைக் கெடுத்தவள் நான். உன்னைப் படித்தவனாக்கியதும் நான்தான், அதனால் பாட்டிலும் எனக்குப் பங்கு உண்டு. எட்டாம் வகுப்பில் மழை அளக்கிற திட்டம் ஒன்று கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? மொட்டைமாடியில் டின் வைத்து ஒரு மாதம் தினமும் அளந்து எழுதவேண்டும். நடுவில் ஒன்பது நாள் நீ மறந்துவிட்டாய். அழுதாய். நான்தான் உன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒன்பது கட்டத்தையும் நிரப்பினேன். ஒரே மாதிரி எழுதாதே, கண்டுபிடித்துவிடுவார்கள், கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுது, இரண்டு நாள் மழையே இல்லை என்று போடு என்று சொல்லிக் கொடுத்தேன். உனக்கு முதல் பரிசு. உன் அப்பா மட்டும் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "அந்த ஒம்பது நாள் மழைக்கும் சேர்த்தா பரிசு?" என்று கேட்டார். நான் அவரை முறைத்தேன். அந்த மனிதர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை, பேசியிருக்கலாம். அப்படிக் கூட்டிக் குறைத்து எழுதத் தெரிந்தவளுக்கு எழுமலைக்கு மட்டும் 'மேற்படி' போதும் என்று பட்டிருக்கிறது. அந்த ஊர் சனங்களுக்கு அவ்வளவு மெனக்கெட்டுப் பொய் சொல்லக்கூட நான் தயாராக இல்லை.

யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்றாய் அல்லவா? நான் போனேன். அறுபத்தொரு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, டாக்டர் படி ஏறாதே என்கிறார். நாலு நாள் விட்டு விட்டுப் போனேன். பதினெட்டு இடத்துக்கும் போனேன். உன் நூலிலேயே இடக்குறி இருக்கிறது, எதிர்வீட்டுப் பெண் அதைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். நீலப்புள்ளி நகர நகர வரப்பில் நடந்தேன். ஒரு நிலத்துக்காரர் இறந்துவிட்டார், அவருடைய மகனிடம் கேட்டேன். இரண்டு பேர் நிலத்தை விற்றுவிட்டார்கள், வாங்கியவர்களையும் விற்றவர்களையும் தேடிப் பிடித்தேன். பதினெட்டில் பதினான்கு இடத்தில் அந்த வருடம் விதைத்திருக்கிறார்கள். மூன்று இடம் நடப்புத் தரிசு. ஒரே ஒரு இடம்தான் நான் எழுதியபடி கைவிட்ட நிலம். அதுவும் அண்ணன் தம்பி வழக்கில் கிடந்திருக்கிறது.

நாற்பத்தொன்றாம் புள்ளி ஒச்சு என்பவருடைய நிலம். என் வயதுதான் இருக்கும். பக்கத்துக் கிணற்றுத் தோட்டத்தில் தட்டாம்பயறு பறித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டதும் யோசிக்கவே இல்லை. "அந்த வருசமா? புழுதியில வெதச்சு அம்புட்டும் மண்ணுக்குள்ள கெடந்துச்சு. பொரட்டாசிக் கடைசியில விழுந்துச்சு பாருங்க ஒரு மழ. சோளம் ஆளு ஒசரம்" என்றார். இந்த நிலம் எப்போதாவது பல வருடம் சும்மா கிடந்ததா என்று கேட்டேன். "ஒரு வருசங்கூடக் கெடந்ததில்ல. இப்பத்தேன் கெடக்கப் போவுது" என்றார். கையைக் காட்டினார். நிலத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கண்மாய். கண்மாய்க்கு மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் முழுக்க மண்மேடும் சீமைக்கருவேலமுமாக மூடிக் கிடந்தது. கிணறுகளில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறதாம். தூர்வாரக் கேட்டு ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். "என்ன சொன்னாக தெரியுமா? ஒங்க ஊருலதேன் பச்ச கூடிப்போச்சுன்னு யூனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்ணியே சொல்லியிருக்காக, மேப்பே இருக்கு, வாடுற ஊருக்குப் பாக்கவா ஒங்களுக்குப் பாக்கவான்னு கேட்டுட்டாக" என்றார்.

போன வருடம் அந்தத் தடுப்பணைத் திட்டத்துக்காரர்களுக்கு நீ நாலு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுத்தாய். வழவழத் தாளில் வண்ணப்படம் போட்டு எனக்கும் ஒன்று தந்தாய், எந்த ஊர் என்றுகூடப் படிக்காமல் வண்ணத்தை மட்டும் பார்த்து மூடிவைத்தேன். அது எந்த மேசையில் போய் உட்கார்ந்திருக்கிறது பார். இரண்டு பேருக்கும் தெரிந்த பொய், மூன்றாவது ஆளின் கண்மாயில் போய்ப் படுத்திருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்றுதானே நீயும் நானும் நினைத்தோம்?

ஒச்சுவிடம் சொல்லிவிட்டேன். அந்த ஆராய்ச்சி என் மகன் செய்தது என்றேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் எனக்கும் ஆறியிருக்கும். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பிடியா. தம்பி வந்து பாத்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பழைய கணக்கு எழுதினது நான்தான் என்றும் சொன்னேன். "அப்ப நீங்க வந்து பாத்தீகளா?" இல்லை என்றேன். குரலை உயர்த்தவே இல்லை. "அப்ப யாருதேன் தாயி பாத்தது?" என்றார்.

நீ இருந்தால் செயற்கைக்கோள் பார்த்தது என்று சொல்லியிருப்பாயோ என்னவோ. அவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், ஒரு கை தட்டாங்காயும் கொடுத்தார். "சரி, இப்ப வந்துட்டீகள்ல. பாத்ததை எழுதுங்க" என்றார். எழுதினேன். மனுவோடு வைக்க ஒரு தாள் கிடைக்குமா என்று கேட்டார், அதையும் எழுதிக் கொடுத்தேன். இந்தப் பதினெட்டு இடத்தையும் நான் அன்று நேரில் பார்க்காமல் டீக்கடையில் உட்கார்ந்து எழுதினேன், என் குறிப்பை வைத்து வந்த முடிவு தவறு, இப்போது நேரில் கேட்டு எழுதிய உண்மை விவரம் இது என்று எழுதி, முழுப்பெயர், விலாசம், கையெழுத்து. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். இந்த வாரமே கொடுத்திருப்பார். என் பையனுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும், ஒரு வாரம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். "எம்புட்டோ வருசம் பொறுத்தாச்சு, ஒரு வாரத்துல என்ன" என்றார். இது உனக்காக நான் கேட்ட கடைசிச் சலுகை. இனி யாரிடமும் கேட்கமாட்டேன்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் பெற்றவள், சொல்லாமல் இருக்கமாட்டேன். அந்த வேலை போனால் போகட்டும். பட்டம் திரும்பப் போனாலும் போகட்டும். முப்பத்திரண்டு இடம் மாறவே இல்லை என்று உன் நூலில் இருக்கிறதே, அது உண்மை, அதற்கு யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான். உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியையிடம் நீயே போய்ச் சொல். மற்றவர் சொல்லி அவர் கேட்பதற்கும் நீ சொல்லிக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. நான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைப்பாய், நினைத்துக்கொள். இருபத்தாறு வருடம் என் பெயர் எங்குமே வராதபோது யாருக்கும் வலிக்கவில்லை. வந்த ஒரே இடத்தில் பொய்க்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டுச் சாக எனக்கு மனசில்லை. இது உன்னைவிட என் சுயநலம், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. ஆரப்பாளையத்தில் எட்டு மணிக்கெல்லாம் நிற்பேன், குடை கொண்டுவருகிறேன். எழுமலையில் இறங்கி நாற்பத்தொன்றாம் புள்ளிக்கு நடந்து போவோம். மழை இன்னும் வரவில்லை, இந்த வருடமும் புழுதியில்தான் விதைத்திருக்கிறார்கள். உனக்கு ஒன்றும் தெரியாது, வெறும் மண்ணாகத்தான் தெரியும். ஒச்சுவிடம் கேள். அவர் என்னிடம் கேட்டதை உன்னிடமும் கேட்பார். உன்னால் 'நான் பார்த்தேன்' என்று பதில் சொல்ல முடியும், எனக்கு அன்று அது முடியவில்லை. அங்கிருந்து திரும்பியதும் உன் பேராசிரியைக்குப் போன் போடு. வராவிட்டால் உன்னைத் திட்டமாட்டேன், வீட்டுப் பேச்சிலும் திட்டமாட்டேன். மறுநாள் திங்கட்கிழமை ஒச்சு மனு வரிசையில் நிற்பார், பக்கத்தில் நானும் நிற்பேன். என் பெயரை எப்படி எழுதுவது என்று அங்கே யாராவது கேட்டால், உன் நன்றிப் பக்கத்தை விரித்துக் காட்டுவேன். அந்த முப்பத்திரண்டு வரியைத் தவிர, அந்த நூலில் பிழையில்லாமல் இருப்பது அது ஒன்றுதான்.

அம்மா